தேயிலை மலையிற் கனிமரமும் பசளையும்

உயிர்கள் யாவும் உணவினாலே நிலைபெறுகின்றன. விலங்கு தன் உணவைத் தேடி அலைகின்றது; மரமோ நின்ற இடத்தில் நின்றே தன் உணவைப் பெறவேண்டியிருக்கின்றது. வேரெட்டும் மண்ணில் இல்லாததை அது வேறெங்கும் சென்று தேட இயலாது. ஆதலாலேயே எருவிடுதல் உழவுத் தொழிலுள் தலையாயதாயிற்று. திருவள்ளுவரும் உழவு என்னும் அதிகாரத்தில் எருவிடுதலை ஏருழுதலினும் மேலாக வைத்துப் பேசினார்.

எனினும், எருவிடுதல் வேறு. எதனை, எங்கே, எப்பொழுது இடவேண்டும் என அறிந்து இடுதல் வேறு. இலங்கையின் மத்திய மலைநாட்டில், ஹற்றன், தலவாக்கலை, நுவரெலியா ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களிலே, லயங்களின் பின்புறத்துச் சிறுதுண்டு நிலங்களில் கொய்யா, தோடை, வெண்ணெய்ப்பழம், மரத்தக்காளி, பேரி முதலிய கனிமரங்கள் நிற்கின்றன. அவற்றுட் சில நன்றாகத் தழைத்தும் காய்ப்பதில்லை. தேயிலைக்கு இடும் உரத்தில் ஒருபிடி எடுத்து அடிமரத்தில் தூவினாற் போதும் என்று எண்ணுவோரும் உளர். தேயிலைக்கு ஏற்ற உணவு கனிமரத்துக்கும் ஏற்றதாகுமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்தின் உணவு

மரம் மண்ணையே உண்டு வளர்கின்றது என்று பண்டையோர் பலர் கருதினர். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த வான் எல்மொன்று என்னும் அறிஞர் இதனைச் சோதிக்க விரும்பினார். 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, நீர் மாத்திரம் ஊற்றி ஐந்தாண்டுகள் வளர்த்தார். மரத்தின் நிறை 169 இறாத்தலாயிற்று. மண்ணோ சுமார் இரண்டு அவுன்சு மாத்திரமே குறைந்திருந்தது. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவு கட்டினார். அம்முடிவு முழுவதும் சரியன்று. மரத்தின் உடலிலுள்ள காபன் காற்றிலிருந்து வருவதென்பதையும், கனிப்பொருள்களை வேரே மண்ணிலிருந்து எடுத்துத் தருகின்றதென்பதையும் 1804இல் வெளிவந்த தி சோசூரின் ஆராய்ச்சி தெளிவாக்கியது.

குறைந்துபோன அந்த இரண்டு அவுன்சிலேதான் பசளையின் மறைபொருள் அடங்கியிருக்கின்றது. தாவரத்துக்கு இன்றியமையாத மூலகங்கள் பதினேழு எனக் கொள்ளப்படுகின்றன. அவற்றுள் காபன், ஐதரசன், ஒட்சிசன் ஆகிய மூன்றும் காற்றாலும் நீராலும் கிடைப்பன. எஞ்சிய பதினான்கும் மண்வழியே வருவன. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகிய மூன்றும் முதன்மையானவை. கல்சியம், மகனீசியம், கந்தகம் ஆகியன அடுத்த நிலையின. இரும்பு, மங்கனீசு, நாகம், செம்பு, போரன், மொலித்தனம், குளோரீன், நிக்கல் ஆகிய எட்டும் மிகச் சிறிய அளவில் வேண்டப்படுவன.

சிறிய அளவில் வேண்டப்படுவதென்பதனால் ஒன்றை ஒதுக்கிவிட முடியாது. மிகக் குறைவாக உள்ள போசணையே விளைச்சலின் எல்லையை நிறுவும் என்னும் விதியை ஸ்பிரெங்கல் என்பார் முன்னர் எடுத்துரைக்க, லீபிக் என்பார் அதனை உலகறியச் செய்தார். உயரம் ஒவ்வாத பலகைகளால் ஆன பீப்பாய் இதற்கு உவமையாகக் கூறப்படும். அதில் எவ்வளவு நீர் வார்த்தாலும் மிகக் குட்டையான பலகையின் மட்டத்துக்கு மேல் நில்லாது. பொற்றாசியம் குறைந்த மரத்துக்கு நைதரசனை அள்ளிக் கொட்டுதல், நெடிய பலகையை மேலும் நீட்டுவதை ஒக்கும்.

மலைமண்ணின் இயல்பு

அடர்ந்த காடு நின்ற மண் வளமுடையதாகவே இருக்கும் என்று தோன்றும். 1848இல் நுவரெலியாவிற் பண்ணை அமைக்க முனைந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் இவ்வெண்ணம் பொய்த்தமையை நேரிற் கண்டார். 1855இல் அவர் வெளியிட்ட நூலில் இம்மண்ணின் வறுமையைத் தனித்தலைப்பிட்டு எழுதியுள்ளார். காட்டின் செழுமை மண்ணில் திரண்ட செல்வமன்று. உதிரும் இலையும் மக்கும் கிளையும் மீண்டும் மீண்டும் வேருக்கே திரும்புகின்ற சுழற்சியின் பயனாகும். காட்டை வெட்டியவுடன் அச்சுழற்சி அறுந்துவிடுகின்றது.

இதனோடு மழையும் சேர்கின்றது. மேற்குச் சரிவிலுள்ள வட்டவளை முதலிய இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றரையும் கடக்கும். அம்மழை கல்சியம், மகனீசியம், பொற்றாசியம் ஆகிய காரப்பொருள்களைக் கரைத்துக் கீழே கொண்டுசெல்கின்றது. அவை நீங்கிய இடத்தை ஐதரசனும் அலுமினியமும் பற்றிக்கொள்ள, மண் புளிப்படைகின்றது, அதாவது அமிலமாகின்றது.

மண்ணின் புளிப்பைப் பீ.எச். என்னும் அளவையாற் குறிப்பர். ஏழு என்பது நடுநிலை. எண் குறையக் குறையப் புளிப்பு மிகும். இவ்வளவையில் ஒரு படி இறங்குவது பத்துமடங்கு புளிப்பைக் குறிக்கும். தேயிலை 4.5 முதல் 5.5 வரையுள்ள மண்ணில் செழித்து வளரும். அலுமினியத்தை உள்வாங்கி முதிர்ந்த இலைகளிற் சேர்த்துவைக்கும் அரிய ஆற்றலும் அதற்குண்டு. தோடை முதலிய கனிமரங்கள் பலவற்றுக்கோ 5.5 முதல் 6.5 வரையுள்ள மண்ணே உகந்தது. கடும்புளிப்பு மண்ணில் கரைந்து வெளிப்படும் அலுமினியம் அவற்றின் வேர்நுனிகளைக் கருக்குகின்றது. பொசுபரசையும் பிணைத்து வேருக்கு எட்டாததாக்குகின்றது.

கொழுந்தும் கனியும்

தேயிலையின் பயன் கொழுந்து. கனிமரத்தின் பயன் பழம். தேயிலைச் செடி பூத்துக் காய்த்தால் தோட்டத்துக்கு நட்டம். கனிமரம் பூவாது இலை மட்டும் விட்டால் வீட்டுக்கு நட்டம். இலையைப் பெருக்குவது நைதரசன். ஆயிரம் கிலோகிராம் தேயிலைத் தூளில் சுமார் 40 கிலோகிராம் நைதரசன் அடங்கியுள்ளது. அவ்வளவும் ஒவ்வொரு கூடையோடும் மலையை விட்டு நீங்குகின்றது. ஆகவே தேயிலைக் கலவைகளில் நைதரசன் மேலோங்கியிருத்தல் முறையே. கனிகளிலோ பெரும்பாலும் பொற்றாசியமே மிகுந்திருக்கும். தேயிலைக் கலவையையே தொடர்ந்து உண்ணும் கனிமரம் இலையும் தளிருமாகத் தழைத்து, பூவும் பிஞ்சும் குன்றி நிற்பதில் வியப்பில்லை.

மேலும், அமோனியம் சல்பேற்று, யூரியா ஆகியவற்றிலுள்ள நைதரசனை மண்வாழ் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக மாற்றும்போது அமிலம் பிறக்கின்றது. தேயிலை இதனைத் தாங்கும்; கனிமரமோ ஒரே பிடியில் உணவையும் ஊறையும் பெறுகின்றது.

இலை கூறும் செய்தி

மரம் பேசாது, ஆயினும் அதன் இலை பேசும். நைதரசன், பொற்றாசியம், மகனீசியம் ஆகியன மரத்துள் இடம்பெயர வல்லவை. அவை குறையும்போது மரம் முதிர்ந்த இலையிலிருந்து எடுத்துத் தளிருக்கு ஊட்டும். எனவே குறி முதலில் முதிர்ந்த இலையிலே தோன்றும். இலை முழுவதும் வெளிறினால் நைதரசனும், விளிம்பு கருகினால் பொற்றாசியமும், நரம்பு பச்சையாக நிற்க இடைப்பகுதி மஞ்சளித்தால் மகனீசியமும் குறைவென்று கொள்ளலாம். இரும்பு, நாகம், போரன், கல்சியம் ஆகியன எளிதில் இடம்பெயரா. அவற்றின் குறை தளிரிலே வெளிப்படும். தளிர் சிறுத்துக் குவிந்து நிற்பது நாகக் குறைவையும், நுனி மடிவதும் கனி உருத்திரிவதும் போரன் குறைவையும் காட்டும். நோயாலும் நீர் தேங்குவதாலும் இவை போன்ற குறிகள் தோன்றக்கூடுமாதலின், மண்ணைச் சோதித்து உறுதிசெய்தல் நன்று.

இடும் முறை

முதலிற் புளிப்பைத் தணித்தல் வேண்டும். இதற்குத் தொலமைற்று சிறந்தது. அது கல்சியத்தையும் மகனீசியத்தையும் ஒருங்கே தரும். லயத்து அடுப்புகளில் நாள்தோறும் சேரும் விறகுச் சாம்பலும் வீசத்தக்கதன்று. பொற்றாசியமும் கல்சியமும் அதில் உண்டு. புளிப்பையும் அது மாற்றும். ஆனால் நைதரசன் அதில் இல்லை. தொலமைற்றையோ சாம்பலையோ யூரியாவுடனும் அமோனியம் சல்பேற்றுடனும் கலந்து இடலாகாது. கலந்தால் நைதரசன் அமோனியா வாயுவாகப் பறந்துவிடும். ஒன்றை இட்டுச் சில வாரங்கள் கழித்து மற்றதை இடவேண்டும்.

பொசுபரசுக்கு எப்பாவலப் பாறைப் பொசுபேற்று மலைமண்ணுக்குப் பொருந்தும். 1971இல் கண்டறியப்பட்ட அப்படிவிலிருந்து பெறப்படும் இப்பசளை நடுநிலை மண்ணில் எளிதிற் கரையாது. புளிப்பு மண்ணிலோ மெல்லக் கரைந்து நெடுங்காலம் உதவும்.

பசளையை அடிமரத்தோடு குவித்தல் தவறு. உணவுறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் கிளைகளின் நிழல் முடியும் வட்டத்தையொட்டியே இருக்கும். சரிவு நிலத்தில் மரத்தின் மேற்புறத்தே பிறைவடிவாக ஆழமில்லாத சால் வெட்டி, அதில் இட்டு மண்ணால் மூடினால், நீரோடு இறங்கும் சத்து வேரைக் கடந்துதான் செல்லவேண்டும். அடைமழையில் இட்டது ஆற்றுக்குப் போகும். வரட்சியில் இட்டது வேரைச் சுடும். மண் ஈரமாகவும் மழை மிதமாகவும் உள்ள காலத்தில், ஓராண்டுக்குரியதைப் பல தவணைகளாகப் பிரித்து இடுதலே சிக்கனம்.

சேதனமும் அசேதனமும்

சேதனப் பசளை போதுமா, இரசாயனப் பசளை வேண்டுமா என்னும் வினா அண்மைக் காலத்தில் இந்நாட்டை உலுக்கியது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி வர்த்தமானி அறிவித்தல் மூலம் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோகிராமாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடியாக வீழ்ந்தது. எரிபொருள் முதலிய பிற நெருக்கடிகளும் அவ்வாண்டில் இருந்தன. எனினும் பசளைப் பஞ்சமே முதன்மையான காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஒரு கணக்கு இதனை விளக்கும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். ஈரச் சாணத்தில் சுமார் அரைப்பங்கு. ஆயிரம் கிலோகிராம் தேயிலைத் தூளோடு போன 40 கிலோகிராம் நைதரசனைச் சாணத்தால் மாத்திரம் ஈடுசெய்ய எட்டாயிரம் கிலோகிராம் சாணத்தை மலையேற்றவேண்டும். யூரியாவாயின் தொண்ணூறு கிலோகிராமுக்குட் போதும். பரந்த தோட்டத்துக்குத் திடீரென இம்மாற்றம் இயலாதது ஏன் என்பது இதனாற் புலனாகும்.

ஆயின் இதனாற் சேதனப் பசளை பயனற்றதாகிவிடாது. கூட்டெருவும் தழையும் மண்ணுக்கு ஈரம்பிடிக்கும் ஆற்றலைத் தருகின்றன, நுண்ணங்கிகளுக்கு உணவாகின்றன, இட்ட பசளை கழுவுண்டு போகாமற் காக்கின்றன. தேயிலையை மீள நடுமுன் மானாப்புல்லும் குவாத்தமாலாப் புல்லும் வளர்த்து மண்ணைத் தேற்றும் வழக்கம் இவ்வுண்மையை ஒட்டியதே. இரண்டொரு மரங்கள் நிற்கும் சிறுதுண்டு நிலத்திலோ மாட்டுச்சாணமும், கூட்டெருவும், அடுப்புச் சாம்பலும், முள்முருக்குத் தழையும் தேவையின் பெரும்பகுதியை நிறைவேற்ற வல்லன.

முடிவாக, பசளையிடுதல் மண்ணுக்குச் செய்யும் தானமன்று; மண்ணிடம் பெற்ற கடனைத் திருப்பிக் கொடுத்தலேயாகும். பெற்றது எதுவோ அதனையே கொடுத்தல் வேண்டும். தேயிலை கொண்டுசென்றது வேறு; கனி கொண்டுசெல்வது வேறு. தலைமுறை தலைமுறையாக மலையின் வளத்தைக் கொழுந்தாகக் கிள்ளி உலகுக்கு அனுப்பியவர்களின் வாசலில் நிற்கும் மரம், அவர்தம் பிள்ளைகளுக்கு ஒரு பழமேனும் தருதல் வேண்டும். அதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மரம் எதற்காக நடப்பட்டதோ அதற்கேற்ற உணவை அறிந்து இடும் அறிவே வேண்டும்.