நாயின் தெள்ளுப்பூச்சியை ஒழிக்க நாயைக் குளிப்பாட்டினால் மட்டும் போதுமா?

காவலுக்கு நாய் வளர்க்காத பண்ணை வீடு அரிது. பகலில் திண்ணையிலும் ஆட்டுக் கொட்டிலிலும் படுத்துக் கிடக்கும் நாயின் மூலமாகத் தெள்ளுப்பூச்சி வீட்டில் பரவுகிறது. மழை பெய்து காற்றில் ஈரம் மிகுந்துள்ள மாதங்களில் இதன் தொல்லை அதிகம்.

நாய்க்கு அரிப்புத்தானே என்று விட்டுவிடுவது தவறு. நூற்றுக்கணக்கான தெள்ளுப்பூச்சிகள் ஏறி இரத்தம் குடித்தால், ஆட்டுக்குட்டிகள் சோகை கண்டு இறப்பதும் உண்டு. குட்டியின் கீழ் இமையை விலக்கிப் பார்க்கும்போது உட்புறம் சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். நாயின் நாடாப்புழுவும் தெள்ளுப்பூச்சி மூலமாகவே பரவுகிறது. நாயுடன் விளையாடும் குழந்தை தவறுதலாகத் தெள்ளுப்பூச்சியை விழுங்கிவிட்டால் அக்குழந்தைக்கும் இப்புழு வரக்கூடும்.

கண்டறியும் முறை

உண்ணி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். தெள்ளுப்பூச்சி செம்பழுப்பு நிறத்தில், பக்கவாட்டில் தட்டையாக, மயிருக்கிடையே ஓடித் துள்ளும். பூச்சி கண்ணில் படாவிட்டால், நாயின் வாலடியிலும் இடுப்பிலும் சீப்பால் வாரி, உதிரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் துணியில் தட்டுங்கள். சற்று நேரத்தில் பொடியைச் சுற்றிச் செந்நிறம் படர்ந்தால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதில் இருப்பது நாயின் இரத்தமே.

வாழ்க்கை முறை

பெண் பூச்சி இரத்தம் குடித்த இரண்டு நாட்களுக்குள் முட்டையிடத் தொடங்குகிறது. ஒரு நாளைக்கு 40 முதல் 50 முட்டைகள் வரை இடும். முட்டைகள் நாயின் மயிரில் ஒட்டுவதில்லை. நாய் படுக்குமிடத்தில் உதிர்ந்துவிடும். அவற்றிலிருந்து வரும் புழுக்கள் வெளிச்சத்தை வெறுத்து, தரைப் பிளவிலும் சாக்கு மடிப்பிலும் மறைந்து, பெரிய பூச்சிகளின் எச்சத்தைத் தின்று வளரும். பின் தூசு ஒட்டிய கூட்டுக்குள் கூட்டுப்புழுவாகும். கூட்டுக்குள் இருப்பதை மருந்து எளிதில் தாக்காது. ஆளோ விலங்கோ நடக்கும் அதிர்வும், மூச்சுக்காற்றும் படும்வரை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட அது காத்திருக்கும். நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தவுடன் கால்களில் தெள்ளுப்பூச்சி மொய்ப்பது இதனாலேயே. ஆகவே நாயை மட்டும் கவனித்தால் பலனில்லை. நாய் படுக்கும் இடத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. நாய் படுக்கும் சாக்கு, துணி ஆகியவற்றை வாரம் ஒரு முறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து, கடும் வெயிலில் உலர்த்த வேண்டும். பழைய சாக்கை எரித்துவிடலாம்.

2. திண்ணை, கொட்டில், கட்டிலடி ஆகியவற்றை நாள்தோறும் பெருக்கி, குப்பையை எரிக்க வேண்டும். தரை வெடிப்புகளை அடைத்து, ஈரம் தேங்காமல் வெயிலும் காற்றும் படச் செய்ய வேண்டும்.

3. வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்துக்கும் ஒரே நாளில் மருந்திட வேண்டும். கழுத்தின் பின்புறம் விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்தும், வாய்வழி மாத்திரைகளும் உள்ளன. எடைக்கும் வயதுக்கும் ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நாடாப்புழு மருந்தும் அப்போதே கேளுங்கள்.

4. கொட்டில் தரைக்கு, கால்நடைக் கொட்டிலுக்கென விற்கும் டெல்டாமெத்ரின் போன்ற மருந்தைப் புட்டியில் குறித்துள்ள அளவில் தெளித்து, நன்கு உலர்ந்த பின்னரே குட்டிகளை விட வேண்டும். பட்டுப்புழு வளர்க்கும் மனையருகே இதைத் தெளிக்கக் கூடாது, புழுக்கள் மடிந்துவிடும். கலக்கிய பாத்திரத்தைக் குளத்திலோ வாய்க்காலிலோ கழுவினால் மீன்கள் சாகும்.

செய்யக் கூடாதவை

வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாயின் மேல் பூசாதீர்கள். நாய் தன் உடம்பை நக்கும். அந்த நஞ்சு வயிற்றுக்குள் போகும். நாயைத் தொடும் குழந்தைக்கும் ஆபத்து. முன்னாளில் தூவிய பி.எச்.சி. தூள் 1997-ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. பழைய கையிருப்பு எங்கேனும் இருந்தாலும் பயன்படுத்தலாகாது. நாய்க்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை இறந்துவிடும். வேப்பஞ்சோப்பால் குளிப்பாட்டினால் மேலுள்ள பூச்சிகள் ஓரளவு குறையும். தரையிலுள்ள முட்டையும் புழுவும் அப்படியே இருக்கும்.

மருந்திட்ட மறுவாரமும் சில பூச்சிகள் துள்ளினால் மருந்து பலிக்கவில்லை என்று நிறுத்திவிட வேண்டாம். அவை ஏற்கெனவே கூட்டிலிருந்து வெளிவருபவை. மருத்துவர் சொன்ன இடைவெளியில் மருந்தையும், விடாமல் பெருக்குதலையும் மூன்று மாதம் வரை தொடர்ந்தால், நாயும் ஆட்டுக்குட்டிகளும் வீட்டிலுள்ளோரும் இத்தொல்லையிலிருந்து விடுபடலாம்.