ராத்திரி 10 மணிக்கு மேல ஓகே... பகலில் அபராதம்! அமெரிக்க டிவி, ரேடியோவில் என்ன ரூல்ஸ்?

பேச்சுரிமை என்றாலே அமெரிக்காவைத்தான் உதாரணம் காட்டுவோம். ஆனால் அங்கேயும் ரேடியோவில் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட முடியாது.

1973 அக்டோபர் 30, மதியம் 2 மணி. ரேடியோவில் சொல்லவே கூடாத கெட்ட வார்த்தைகள் பற்றி காமெடியன் ஜார்ஜ் கார்லின் பேசிய பதிவை நியூயார்க் வானொலி ஒன்று ஒலிபரப்பியது. சுமார் 12 நிமிடம், திரும்பத் திரும்ப அதே வார்த்தைகள்! காரில் மகனோடு போகும்போது இதைக் கேட்டதாக ஒருவர், ஒளிபரப்பைக் கண்காணிக்கும் எஃப்.சி.சி அமைப்புக்குப் புகார் எழுதினார். வந்தது அந்த ஒரே புகார்தான். அதுவே சுப்ரீம் கோர்ட் வரை போனது.

1978-ல் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பு எஃப்.சி.சி பக்கம். ரேடியோ வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது, குழந்தைகளும் கேட்பார்கள் என்பதே காரணம்.

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். 'ஆபாசம்' வேறு, 'அநாகரிகம்' வேறு. ஆபாசத்துக்கு 24 மணி நேரமும் தடை. அநாகரிகத்துக்கு காலை 6 முதல் இரவு 10 வரை மட்டும்தான். பெரியவர்கள் பேசவும் கேட்கவும் உள்ள உரிமையை மொத்தமாகப் பறிக்க முடியாதே!

2004 சூப்பர் பவுல் நிகழ்ச்சியில் பாடகி ஜேனட் ஜாக்சனின் மார்பு ஒரு நொடிக்கும் குறைவாகத் தெரிந்தது. சி.பி.எஸ் டிவிக்கு 5.5 லட்சம் டாலர் அபராதம். கண நேரக் காட்சிகளுக்கான கொள்கையை முன்னறிவிப்பின்றி மாற்றியதாகச் சொல்லி, 2011-ல் அப்பீல் கோர்ட் அதை ரத்து செய்தது.

அதே காட்சி கேபிள் சேனலில் மட்டும் வந்திருந்தால்? இந்த அநாகரிக விதியே பாய்ந்திருக்காது. ஆன்டெனாவில் வரும் டிவி, ரேடியோவுக்கு மட்டும்தான் அது.