கோமாவில் கணவர்! கையெழுத்து போடுவது யாரு?

காஞ்சீபுரம்,
பிள்ளையார்பாளையத்தில் பல நெசவாளர் வீடுகளில் பாஸ்புக், பத்திரம் எல்லாம் ஆம்பளை பேரில்தான். அவர் நினைவு தப்பிப் படுத்துவிட்டால்? ஆஸ்பத்திரி பாரத்தில் மனைவி கையெழுத்து போடலாம். பேங்கில் அது செல்லாது!

சென்னை ஐகோர்ட்டில் 2024-ல் ஒரு மனைவி இதற்காகத்தான் போராடினார். கணவர் கோமாவில். செலவுக்கு அவர் சொத்தை விற்க வேண்டும். மைனருக்குக் கார்டியன் போடச் சட்டம் உண்டு. கோமாவில் கிடப்பவருக்கு இல்லை. தனி நீதிபதி சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். அப்பீலில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதன், பி.பி.பாலாஜி அந்த மனைவியையே கார்டியன் ஆக்கினார்கள். ஒரு நிபந்தனை: ரூ.50 லட்சத்தைக் கணவர் பேரில் டெபாசிட் போட வேண்டும். நியாயம்தானே!

பிழைக்கவே வழியில்லை என்றால் சிகிச்சையை நிறுத்துவதா? அதற்குச் சம்மதம் சொல்ல வேண்டியவர் பெயரை இப்போதே எழுதி வைக்கலாம். 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதித்தது, 2023-ல் எளிதாக்கியது. 2 சாட்சி, ஒரு நோட்டரி போதும். ஆனால் அந்தத் தாளைக் காட்டி பேங்கில் பணம் எடுக்க முடியாது.