சூரியனே லேட்டு சார்!

ஜனவரி ஒண்ணாம் தேதி... புது டைரி, புது பேனா, புது சபதம். 'நாளையிலிருந்து காலை அஞ்சு மணிக்கு எழுந்து ஓடப் போறேன்!' மூணாம் தேதி அலாரம் தலையில் ஓர் அடி வாங்கி அடங்கிவிடும். பத்தாம் தேதி கண்ணாடியைப் பார்த்து, 'நீயெல்லாம் எங்கேடா உருப்படப் போறே?' என்று தனக்குத் தானே அர்ச்சனை!

கொஞ்சம் பொறுங்கள். இதில் சூரியனுக்கும் பங்கு உண்டு.

தேனி மாவட்டத்துக் கோம்பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதத்தில் இங்கே காலை 6.05 வாக்கில் சூரியோதயம். ஜனவரிக் கடைசியில்? கிட்டத்தட்ட 6.40! டிசம்பர் 22-ஐ ஒட்டி வருவதுதான் மிகக் குறுகிய பகல். அதற்கப்புறம் சீக்கிரம் விடியும் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை. பூமியின் அச்சு சாய்ந்திருப்பதாலும், அதன் பாதை சரியான வட்டமாக இல்லாததாலும், நம் பக்கத்தில் ஜனவரி கடைசி வரை விடியல் தள்ளிக்கொண்டே போகிறது. ஆக, சூரியனே அரைமணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுத்தான் டூட்டிக்கு வருகிறார்!

சாயங்காலமும் அப்படித்தான். கோம்பைக்கு மேற்கே மதில் மாதிரி மேற்குத்தொடர்ச்சி மலை. உச்சியில் காற்றாலைகள் சுற்றும் ராமக்கல்மேடு. காலண்டரில் போட்டிருக்கிற அஸ்தமன நேரத்துக்கு முன்னாடியே சூரியன் மலைக்கு அந்தப் பக்கம் நழுவிவிடுவார்.

நம் உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுகிறது. இருட்டில் 'மெலடோனின்' என்ற ஹார்மோன் சுரந்து, 'இன்னும் ராத்திரிதான், படு' என்கிறது. அந்த நேரத்தில் அலாரம் அடித்தால் உடம்பு முரண்டு பிடிக்காமல் என்ன செய்யும்? குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கும்; ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறும். போர்வையை உதறிய வேகத்தில் ஓடக் கிளம்புவது வீரம் இல்லை சார், விஷப் பரீட்சை! பிரஷர், இதயக் கோளாறு இருப்பவர்கள் ரொம்பவே ஜாக்கிரதையாக இருக்கணும்.

வெளிநாடுகளில் நிலைமை இன்னும் மோசம். குளிர்காலத்தில் பகல் சுருங்கிப்போகும் நாடுகளில் சிலருக்கு வருஷா வருஷம் மனச்சோர்வு வருவதை, 1984-ல் அமெரிக்க டாக்டர் நார்மன் ரோஸந்தாலும் அவருடைய குழுவினரும் ஒரு நோயாகவே அடையாளம் காட்டினார்கள். நமக்கு அந்த அளவுக்கு இருட்டு இல்லை. ஆனாலும் 'சோர்வு என்றால் சோம்பேறித்தனம்' என்று தீர்ப்பு எழுதும் வழக்கம் மட்டும் நிறையவே இருக்கிறது.

கோம்பை நாயைப் பாருங்கள். காவலுக்குப் பேர்போன ஜாதி. பனிக்காலம் வந்தால் அதுவும் சுருண்டு, மூக்கை வாலுக்குள் செருகிக்கொள்கிறது. வெயில் வந்ததும் கால் நீட்டிப் படுக்கிறது. யாராவது அதைச் சோம்பேறி என்பார்களா? சொல்லிவிட்டு ராத்திரி அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள்!

குளிர் நாடுகளில் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்துத் தூங்கும். கம்பம் பள்ளத்தாக்கிலோ அதற்கு அந்தத் தூக்கம் கிடையாது. அதனாலேயே அறுவடைக்குப் பிறகு கொடியைக் கொஞ்ச நாள் ஆறப்போட்டு, அப்புறம்தான் கவாத்து செய்கிறார்கள். அடித்துப் பிடுங்கினால் கொடி காய்க்காது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். நமக்குத்தான் நம் விஷயத்தில் தெரிவதில்லை. மார்கழியில் கல்யாணம் வைக்காத நம் ஊர் வழக்கத்திலும், பந்தி, பத்திரிகை, மொய் எல்லாவற்றுக்கும் ஒரு மாசம் லீவு கிடைத்துவிடுகிறதே!

அதற்காக ஒன்பது மணி வரை குறட்டை விடச் சொல்லவில்லை.

* ஓட்டத்தை வெயில் வந்தபிறகு நடையாக ஆரம்பியுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டாலே உடம்புக் கடிகாரம் சரியாகும்.

* குளிரில் தாகம் தெரியாது. ஆனாலும் தண்ணீர் குடியுங்கள்.

* ராத்திரி செல்போனை அரைமணி முன்னாடியே தூங்க வையுங்கள்.

* பத்து வேலை எழுதிய லிஸ்ட்டில் மூன்றை முடித்தால், 'சபாஷ்டா மாப்ள!' என்று உங்களுக்கே ஒரு தட்டு தட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, வேலை எதிலும் பிடிப்பே இல்லாமல் மனசு கனத்துக் கிடந்தால், அது பனியும் இல்லை, சோம்பலும் இல்லை. டாக்டரைப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

மற்றபடி, அந்த அஞ்சு மணி சபதத்தைப் பங்குனிக்குத் தள்ளி வையுங்கள். டைரியில் நிறையப் பக்கம் காலியாகத்தானே இருக்கும்!