பட்டாசா, துப்பாக்கியா?

ஜூலை பிறந்ததும் சிக்காகோ உள்ளூர்த் தொலைக்காட்சியில் ஒரு செய்தி வரும். ஒரு சத்தத்தை ஒலிக்க விடுவார்கள், அடுத்து இன்னொன்று. "இதில் எது பட்டாசு, எது துப்பாக்கி?" என்று செய்தியாளர் கேட்பார். பக்கத்தில் ஒரு போலீஸ் அதிகாரி நின்று விளக்கம் சொல்வார்.

கணவரின் வேலை நிமித்தம் இரண்டு ஆண்டுகள் அங்கிருந்தோம். கிள்ளானில் தீபாவளி, சீனப் புத்தாண்டு என்று நள்ளிரவு தாண்டியும் வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டு வாணம் நம் கூரையில் விழுமோ என்பதுதான் இங்கே நம் அதிகபட்சப் பயம். அங்கே, சுதந்திர தினமான ஜூலை 4 இரவில் கேட்கும் ஒவ்வொரு 'டமாலு'க்கும் இன்னோர் அர்த்தம் இருக்கலாம்.

இத்தனைக்கும் சிக்காகோ இருக்கும் இலினாய் மாநிலத்தில் பொதுமக்கள் பட்டாசு வெடிக்கத் தடை. எல்லை தாண்டினால் இந்தியானா. அங்கே தாராளமாகக் கிடைக்கும். கார் நிறைய வாங்கி வந்துவிடுவார்கள். (இந்த வித்தை நம்மவர்களுக்கும் தெரியும்!)

காதுக்குச் சில அடையாளங்கள் உண்டு. வாணம் கிளம்பும்போதே ஒரு 'தும்' அல்லது விசில் சத்தம். பிறகு வானத்தில் வெடிப்பு, அதன்பின் பொரி பொரிவதுபோல் சடசடப்பு. சரவெடி ஒன்றின்மேல் ஒன்றாகத் தாறுமாறாய் வெடிக்கும். துப்பாக்கிச் சத்தம் வறண்டது, சட்டென்று நின்றுவிடும். ஒரே விரல் விசையை இழுப்பதால், பெரும்பாலும் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் வரும். ரைபிள் குண்டு ஒலியைவிட வேகமாகப் பறப்பது. அது அருகில் கடந்தால் சாட்டை சொடுக்கியதுபோல் முதலில் ஒரு 'சடக்'. துப்பாக்கி வெடித்த சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து சேரும்.

அமைதியான அறையில் கேட்டால் இது எளிது. கட்டடங்களுக்கு நடுவே எதிரொலி எல்லாவற்றையும் குழப்பிவிடும். கம்பங்களில் ஒலிவாங்கி பொருத்தித் துப்பாக்கிச் சூட்டைக் கண்டுபிடிக்கும் 'ஷாட்ஸ்பாட்டர்' ஏற்பாடு சிக்காகோவில் 2024 செப்டம்பர் வரை இருந்தது. அதில்கூட, கணினி பிரித்துக் கொடுத்ததை மனிதர்கள் கேட்டுப் பார்த்த பிறகே போலீசுக்குத் தகவல் போகும்.

2022 ஜூலை 4 காலை, சிக்காகோவுக்கு வடக்கே ஹைலண்ட் பார்க்கில் சுதந்திர தின ஊர்வலம் நடந்துகொண்டிருந்தது. கூரை மேலிருந்து ஒருவன் ஒரு நிமிடத்துக்குள் 80க்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டான். 7 பேர் இறந்தார்கள். அங்கிருந்த பலர் முதலில் அதைப் பட்டாசு என்றுதான் நினைத்தார்கள். திருவிழாவில் பட்டாசு என்று நம்பத்தான் மனம் விரும்பும். காதைப் பழக்குவதைவிட, அந்த நம்பிக்கையால் கால் அங்கேயே நின்றுவிடாமல் பழக்குவதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. தொலைக்காட்சியின் ஒலிப் புதிர் இதைப் போதுமான அளவு சொல்வதில்லை.

கொண்டாட்டத்தில் வானத்தை நோக்கிச் சுடுகிறவர்களும் இருக்கிறார்கள். மேலே போன குண்டு கீழே வந்துதானே ஆக வேண்டும்? 1999இல் அரிசோனாவின் பீனிக்ஸ் நகரில் வீட்டின் பின்புறம் நின்றிருந்த 14 வயதுச் சிறுமியை அப்படியொரு குண்டு கொன்றது. மறு ஆண்டே ஊருக்குள் இப்படிச் சுடுவதைக் கடுங்குற்றமாக்கி, அவள் பெயரிலேயே 'ஷேனன் சட்டம்' வந்தது.

மறுநாள் சிக்காகோச் செய்திகளில் எண்ணிக்கைதான் முன்னால் நிற்கும்: விடுமுறையில் சுடப்பட்டோர் இத்தனை, இறந்தோர் இத்தனை. இரவு பதினொரு மணிக்கு எங்கள் தெருமுனையில் கேட்டது என்ன என்ற பதில் மட்டும் எதிலும் இருக்காது. ஆனால், குழந்தை வைத்திருக்கும் வீட்டில் தெரிந்துகொள்ள நினைப்பது அதைத்தான்.

இரண்டாம் ஆண்டு, மகனின் படுக்கையைச் சன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றினோம். வாணவேடிக்கையைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவனுக்குக் கோபம்தான். அன்றிரவு ஒரே இடைவெளியில் ஐந்து சத்தம் கேட்டது. எல்லாரும் தரையில் உட்கார்ந்தோம். நான் 911ஐ அழைத்தேன். எத்தனை சத்தம், எந்தப் பக்கம், எத்தனை மணி என்று மட்டும் கேட்டார்கள்.

"பட்டாசாகவும் இருக்கலாம்" என்றேன்.

"பரவாயில்லைங்க, அதைப் பார்ப்பது எங்கள் வேலை" என்றார் எதிர்முனையில் இருந்த பெண்.