புது மோட்டார், புது மொபைல் ஸ்டார்ட்டர்... போன் போட்டும் தண்ணி வரலையா? பழுது எங்கே இருக்கும்?

புது சப்மெர்சிபிள் மோட்டார் இறக்கியாச்சு. வீட்டில் இருந்தே ஆன், ஆஃப் பண்ண மொபைல் ஸ்டார்ட்டரும் மாட்டியாச்சு. ஆனால் போன் போட்டால் மோட்டார் எடுக்கவில்லை. எடுத்தாலும் இரண்டு நிமிடத்தில் நின்றுவிடுகிறது. மதுரை - திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கொட்டாம்பட்டி போன்ற, கண்மாய் வற்றினால் கிணறும் போர்வெல்லும்தான் கதி என்றிருக்கும் ஊர்களில் இது சின்னத் தொல்லை இல்லை. மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைத் தவறவிட்டால், அன்றைய பாய்ச்சல் போச்சு.

'கடைக்காரன் ஏமாத்திட்டான்' என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பல நேரங்களில் மோட்டாரும் நன்றாக இருக்கும், பெட்டியும் நன்றாக இருக்கும். ஏதோ ஒரு காரணத்துக்காகப் பெட்டி மோட்டாரை ஓடவிடாமல் தடுக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் நேரடியாக வயரைப் போட்டு ஓட்டினால்தான் காயில் கருகும்.

போனில் கோளாறா, கரண்ட்டில் கோளாறா?

போனை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியில் உள்ள பச்சை பட்டனை அழுத்திப் பாருங்கள். பட்டனில் ஓடி, போனில் ஓடவில்லை என்றால் பிரச்சினை சிம் பக்கம். பட்டனிலும் ஓடவில்லை என்றால் கரண்ட், செட்டிங், மோட்டார் இந்த மூன்றில் ஒன்று. இதைச் செய்யாமலேயே மெக்கானிக்கைக் கூப்பிட்டு, போரில் இருந்து குழாயை உருவத் தொடங்குபவர்கள் உண்டு. வீண் செலவு.

சிம் பக்கம் பார்க்க வேண்டியது அதிகம் இல்லை. பல பெட்டிகள் 2ஜி நெட்வொர்க்கில் மட்டுமே வேலை செய்யும். ஜியோவுக்கு 2ஜி சேவையே கிடையாது. அந்த சிம்மைப் போட்டால் அத்தகைய பெட்டிக்குக் காது கேட்காது. சிம்மில் பின் நம்பர் பூட்டு இருக்கக் கூடாது. பெட்டியில் பதிவு செய்த நம்பரில் இருந்துதான் அழைக்க வேண்டும். ஆன்டெனா இரும்புப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்தால் சிக்னல் கிடைக்காது, வெளியே எடுத்து உயரத்தில் வைக்க வேண்டும். ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். மோட்டார் ரூம் சிம்முக்கு டேட்டா எதற்கு? குரல் அழைப்பும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் உள்ள பிளான்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் உத்தரவிட்டது. அதைக் கேட்டு வாங்கலாம்.

ஓடிய கொஞ்ச நேரத்தில் நிற்கிறதா?

புது மோட்டாரும் புதுப் பெட்டியும் சேரும்போது அதிகம் குழப்புவது இதுதான். மோட்டார் எவ்வளவு ஆம்ஸ் இழுக்கிறது என்பதைப் பெட்டி கவனித்துக்கொண்டே இருக்கும். அளவுக்கு மேல் போனால் 'ஓவர்லோடு' என்று நிறுத்தும். அளவுக்குக் கீழே போனால் போரில் தண்ணீர் இல்லை என்று நினைத்து 'டிரை ரன்' என்று நிறுத்தும். அந்த அளவுகளை வைப்பது நம் கையில்.

415 வோல்ட்டில் ஒரு எச்.பி.க்கு ஏறக்குறைய ஒன்றரை ஆம்ஸ் என்பது வாய்க்கணக்கு. 5 எச்.பி.க்கு 7.5 ஆம்ஸ், 7.5 எச்.பி.க்கு 11 ஆம்ஸ் சுமாராக வரும். சப்மெர்சிபிளில் கொஞ்சம் கூடும், மோட்டாரின் தகட்டில் உள்ள எண்தான் சரி. இப்போது, 7.5 எச்.பி.க்கு வைத்த செட்டிங்கில் 5 எச்.பி. மோட்டாரை மாட்டினால் என்ன ஆகும்? குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே 'தண்ணீர் இல்லை' என்று பெட்டி நிறுத்திவிடும். மாற்றி மாட்டினால், ஓவர்லோடு என்று நிறுத்தும். மோட்டாரை முழுத் தண்ணீர் வரும்படி ஓடவிட்டு, அது இழுக்கும் ஆம்ஸைப் பார்த்து, அதற்குக் கொஞ்சம் மேலே ஓவர்லோடும் கீழே டிரை ரன்னும் வைக்க வேண்டும். சில பெட்டிகள் இதைத் தாமாகவே கற்றுக்கொள்ளும், அதற்கான பட்டன் கையேட்டில் இருக்கும்.

செட்டிங் சரியாக இருந்தும் டிரை ரன் காட்டினால், போரில் நீர்மட்டம் நிஜமாகவே இறங்கியிருக்கலாம். பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

'லோ வோல்டேஜ்' ஏன் வருகிறது?

மும்முனை மின்சாரம் வந்த அந்த நொடியில், ஒரே டிரான்ஸ்பார்மரில் உள்ள எல்லா மோட்டாரும் ஆட்டோவில் ஒன்றாகக் கிளம்பினால் வோல்டேஜ் படுத்துவிடும். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும் என்பதுதான் காரணம். பெட்டி உடனே நிறுத்திவிடும். எத்தனை நிமிடம் கழித்து ஓட வேண்டும் என்று வைக்கும் வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி, ஒருவர் 2 நிமிடம், இன்னொருவர் 5 நிமிடம் என்று மாற்றி வைத்துக்கொண்டால் காசு செலவில்லாமல் தீரும் பிரச்சினை இது. வரப்புத் தகராறு இருந்தாலும் இதற்காகப் பேசலாம்.

ஒரு பேஸ் இல்லாமல் மோட்டார் ஓடினால், மீதி வயர்களில் கரண்ட் ஏறி காயில் எரியும். அதனால்தான் ஒரு பேஸ் போனால் பெட்டி ஓடவிடாது. இருமுனை மின்சாரத்தில் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டுகிறவர்கள், பெட்டியின் செட்டிங்கை அதற்கு மாற்றாமல் விட்டாலும் இதே தகவல்தான் வரும். டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போயிருந்தால் மின்வாரிய ஊழியர்தான் போட வேண்டும், தாமே ஏறக் கூடாது. மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்யலாம்.

மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் குறைவாக வருகிறதா? வயர் மாறி, மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றலாம். மெயினை அணைத்துவிட்டு, மூன்றில் ஏதாவது இரண்டு வயரை எலெக்ட்ரீஷியன் இடம் மாற்றினால் சரியாகும்.

போனில் நிறுத்தினால் போதுமா?

போதாது. மின்சாரம் வந்ததும் ஆட்டோவில் இருக்கும் மோட்டார் தானாகக் கிளம்பும். பதிவு செய்த இரண்டாவது நம்பர் சிங்கப்பூரில் உள்ள மகனிடம் இருக்கலாம். அப்பா வயரைக் கையில் பிடித்திருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? கை வைப்பதற்கு முன் மெயின் ஸ்விட்சை அணைத்து, பியூஸ் கட்டைகளைப் பிடுங்கி, சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டும்.

பெட்டி வாங்க மானியம் உண்டா?

உண்டு. வேளாண்மைப் பொறியியல் துறையின் திட்டத்தில் சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு விலையில் 50 சதவீதம், அதிகபட்சம் 7,000 ரூபாய். மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். ஒதுக்கீடு ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பணம் கட்டும் முன் துறையின் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. கடையில் முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பில்லை நீட்டினால் மானியம் கிடைப்பது சிரமம்.