மடித்து வைத்த நாளின் வானிலை

ஓர் இரும்பு பீரோவில் 20 கிலோ பருத்தித் துணி அடுக்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் மொடமொடவென்று காய்ந்த துணிதான். ஆனாலும் அதற்குள் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாக இருக்கும்போது பருத்தி தன் எடையில் ஏழெட்டு சதவீதம் நீரை இழைக்குள் பிடித்து வைத்திருக்கும். பட்டுக்கு அது 11 சதவீதத்தை ஒட்டி வரும், கம்பளிக்கு 16. பாலியெஸ்டருக்கு அரை சதவீதம்கூடக் கிடையாது. கம்பளி தன் எடையில் கால் பங்குக்கு மேல் நீராவியைக் குடித்த பிறகும், தொட்டுப் பார்க்கிற கைக்கு ஈரம் தெரியாது.

அந்த பீரோவுக்குள் இருக்கும் காற்றிலோ, அது எவ்வளவு ஈரமான காற்றாக இருந்தாலும், ஒரு பெரிய கரண்டித் தண்ணீருக்கு மேல் தேறாது. அதனால் கதவைச் சாத்திவிட்டால் உள்ளே துணி வைத்ததுதான் சட்டம். காற்று காய்ந்தால் துணி தன் நீரைக் கொஞ்சம் விடும். ஈரம் மிஞ்சினால் உறிஞ்சிக்கொள்ளும். எந்த நாளில் மடித்து வைத்தோமோ அந்த நாளின் வானிலை மாதக்கணக்கில் மடிப்புக்குள்ளேயே தங்கிவிடுகிறது. இது எனக்குப் புரிந்தது புதுச்சேரியில், என் அத்தை வீட்டில், ஒரு கம்பளிக் கோட்டை விரித்துப் பார்த்த நாளில்.

கடலோர ஊரில் கம்பளிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் எழுதிவந்த நாட்குறிப்பிலேயே சகலாத்து வருகிறது. மரியாதை செய்யக் கொடுக்கப்பட்ட ஐரோப்பியக் கம்பளித் துணி அது. 1962 ஆகஸ்ட் 16இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு மக்களுக்கு இருந்தது. அப்படித் தேர்ந்த குடும்பங்கள், பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் ‘சொல்தா’ குடும்பங்கள், பாரிசுக்கும் இங்குமாக இன்றும் போய்வருகின்றன. அவர்கள் வீட்டு பீரோவில் ஒரு தட்டில் கல்யாணப் பட்டு, அடுத்த தட்டில் அங்கத்திய குளிருக்கான கோட்டு. இரண்டு நாட்டுப் பருவங்கள் ஒரே கதவுக்குப் பின்னால்.

அத்தையின் கோட்டில் காலர் ஓரமாக மிளகு அளவில் ஏழு ஓட்டைகள். “பாச்சை உருண்டை பத்துப் போட்டேம்ப்பா, அப்படியும் தின்னுடுச்சே” என்றார். உருண்டைகள் பீரோவின் அடித்தட்டில் கிடந்தன. கோட்டு மேலே தொங்கியது. தப்பு அங்கேதான். அந்த உருண்டையில் இருக்கும் நாப்தலின் உருகாமலேயே ஆவியாகும் பொருள். அதன் மூலக்கூறு எடை 128. காற்றின் சராசரி 29. நாலு மடங்குக்கு மேல் கனமான அந்த ஆவி கீழேயேதான் படியும். உருண்டையை மெல்லிய துணியில் முடிந்து மேல்தட்டில் வைக்க வேண்டும், கதவும் இறுக மூடியிருக்க வேண்டும். கைக்குழந்தையின் துணிக்குப் பக்கத்தில் மட்டும் அது வேண்டவே வேண்டாம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு, அந்த ஆவி ஏறிய துணி சிவப்பணுக்களையே உடைத்துவிடும்.

ஓட்டை போட்டது அந்துப்பூச்சியின் புழு. பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை, அதற்குத் தின்னும் வாயே இல்லை. புழுப் பருவத்தில்தான் அத்தனை பசியும். மயிர், கம்பளி, நகம் எல்லாம் கெரட்டின் என்ற ஒரே புரதம். அதன் இழைகள் கந்தகப் பிணைப்புகளால் இறுகிக் கிடப்பதால் நம் வயிறு உட்பட எந்த வயிற்றிலும் எளிதில் செரிக்காது. இந்தப் புழுவின் குடலோ கடும் காரத்தன்மை கொண்டது. முதலில் அந்தக் கந்தகப் பிணைப்பை அறுத்துவிட்டுத்தான் சாப்பிடத் தொடங்கும். அதிலும் வெறும் கம்பளியைவிட வியர்வை ஊறிய கம்பளிதான் அதற்குப் பிடிக்கும், உப்பும் வைட்டமினும் அங்கே கிடைக்கும். காலர் ஓரத்தை அது தேடிப் போனதன் காரணம் இதுதான். நம் வீட்டுச் சுவர்களில் பூசணி விதை போலச் சாம்பல் நிறக் கூடொன்று மெல்ல ஊர்ந்து போகுமே, அது இதன் பங்காளி; ஒட்டடையும் உதிர்ந்த முடியும் அதன் தீனி. கஞ்சி போட்ட வேட்டியை அரிக்கும் இராமபாணப் பூச்சி வேறு இனம். அதற்கு மாவும் ஈரமும் வேண்டும்.

கோட்டுக்குக் கீழே மடித்து வைத்திருந்த பட்டுப் புடவையைப் பூச்சி தொடவில்லை. ஆனால் சரிகை கறுத்திருந்தது. அத்தை கடற்காற்றைத் திட்டினார். நான் கோட்டைத்தான் சந்தேகப்பட்டேன். அசல் சரிகை என்பது வெள்ளிக்கம்பியைத் தட்டையாக்கிப் பட்டு நூலில் சுற்றிப் பொன்முலாம் பூசியது. கம்பளியில் மூன்று நான்கு சதவீதம் கந்தகம் உண்டு. அதிலிருந்து கந்தக ஆவிகள் துளித்துளியாக வெளியேறிக்கொண்டே இருக்கும். மூடிய பெட்டியில் அவை வெள்ளியைத் தேடிப் பிடித்துக் கரிய வெள்ளி சல்பைடாக மாற்றிவிடும், ஈரம் இருந்தால் இன்னும் விரைவாக. வெள்ளிப் பொருள் வைக்கும் கண்ணாடிப் பேழைக்குள் அருங்காட்சியகங்கள் கம்பளி விரிப்பைத் தவிர்ப்பது இதனால்தான். பாரிஸ் கோட்டையும் சரிகைப் புடவையையும் ஒரே பெட்டியில் வைக்கவே கூடாது. ரப்பர் பேண்டும் அதே வினையைச் செய்யும்.

கடற்காற்றின் மேல் அத்தை சொன்ன குற்றமும் பொய்யில்லை. காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவது இப்படித்தான். கடல் உப்பில் உள்ள மெக்னீசியம் குளோரைடு அதற்கும் முன்னாலேயே நீரை இழுக்கும். கடற்கரைச் சாலைக்குப் பக்கத்து மாடியில் நாள் முழுக்கக் கொடியில் கிடக்கும் துணி காய்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாத உப்போடுதான் வீட்டுக்குள் வருகிறது.

அப்படியானால் எப்போது மடித்து வைப்பது? ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டிய ஊர் இது. அந்த வாரத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிய துணிக்குள் அந்த வாரம்தான் இருக்கும், பூஞ்சையும் கூடவே. பச்சை வேப்பிலையைச் செருகுவதும் ஈரத்தைக் கையோடு கொண்டுபோய் உள்ளே வைப்பதுதான். இலை சருகாகிவிட்டதா என்று பார்த்துப் போடுங்கள். வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து நிலக்காற்று அனலாக வீசும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழையும் வரை ஊர் வறண்டு கிடக்கும். அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம். கோட்டு வெயிலில் காயலாம். பட்டை நிழலில்தான் உலர்த்த வேண்டும், புற ஊதாக் கதிர் அதன் இழையை மஞ்சளாக்கி நைந்துபோகச் செய்யும். மடிக்கும்போது பழைய மடிப்பின் மேலேயே மடிக்காதீர்கள், சரிகை அங்கேதான் முறியும்.

அத்தை கோட்டைத் துவைக்கக் கொடுத்து வாங்கினார். ஓட்டைகளை அதே நிற நூலால் தைத்தார். ஆனி மாதத்தில் ஒரு நாள், மேற்குக் காற்று ஜன்னல் கதவுகளை அடித்துக்கொண்டிருந்த காலை நேரத்தில், அதைத் தனிப் பெட்டியில் வைத்து மூடி, மூடியின் மேல் ஒரு சீட்டை ஒட்டினார்: ‘ஆனி 12, காலை 11 மணி, நல்ல காய்ச்சல்.’